நீர் இப்பொழுது வாசிக்கும் நூல் யாது?

இருவர் வழியிற் சந்திக்கும்போது ஒருவரையொருவர் வினவுவன பல. உடல்நலம் வினவுவர், மழை பெய்ததா என்பர், வயல் விளைந்ததா என்பர், பிள்ளைகளின் படிப்பையும் சந்தை விலையையும் விசாரிப்பர். "இப்பொழுது என்ன நூல் வாசிக்கிறீர்கள்?" என்று கேட்பவர் மிகச் சிலர். கேட்கப்பட்டவருக்கும் அது புதுமையாகத் தோன்றும். சிலர் நாணுவர், சிலர் பேச்சை மாற்றுவர். ஆயினும் நேயர்களே, தமிழிலே இத்தகைய வினாவொன்று பல நூல்களின் வாழ்வையே மாற்றியிருக்கிறது. தாம் வாசிக்கும் நூலைப் பிறருக்கு எடுத்துச் சொல்லுதல் என்பது யாது, அது நம்மவரிடையே எவ்வாறு நிகழ்ந்து வந்தது, அதனால் விளைந்த பயன் என்ன என்பவற்றைச் சிறிது விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. ஈழத்துத் தமிழர் வழக்கிலே படித்தல் வேறு, வாசித்தல் வேறு. ஆசிரியரிடம் பாடங் கேட்டுக் கற்பது படித்தல். கதையையோ பத்திரிகையையோ எடுத்துப் பார்ப்பது வாசித்தல். முன்னாளில் வாசித்தல் என்றால் பெரும்பாலும் வாய்விட்டு வாசித்தலேயாம். ஒருவர் வாசிக்கப் பலர் இருந்து கேட்பர். வாய்மூடித் தனித்திருந்து வாசிக்கும் பழக்கம் அச்சுநூல் மலிந்த பின்னரே நம்மிடையே பரவியது. ஆகவே, வாசிப்பதைப் பிறருடன் பகிர்தல் என்பது இக்காலத்தவர் புதிதாகக் கண்டதன்று. பழைய வழக்கத்தின் தொடர்ச்சியே என்று கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்துச் சைவாலயங்களில் நடைபெறும் புராண படனத்தை இதற்கு உதாரணமாகக் காட்டலாம். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். பயன் சொல்லுதலாவது, செய்யுளைப் பதம் பிரித்துப் பொருளுரைத்து, வேண்டுமிடத்து விரித்துக் கூறுதல். அன்றைக்குரிய பகுதி முடிந்ததும் ஏட்டைக் கட்டிவைத்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவர். சூரபன்மன் வதையோ வள்ளியம்மை திருமணமோ வரும் நாளில் ஊரே திரண்டு வந்து கேட்கும். திருவெம்பாவைக் காலத்திலே திருவாதவூரடிகள் புராணம் வாசிக்கப்படும். மட்டக்களப்புப் பகுதியிற் கண்ணகையம்மன் சடங்குக் காலத்திலே கண்ணகி வழக்குரை வாசிக்கப்படும். கத்தோலிக்கர் தவக்காலத்திலே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தை வாசித்து உருகினர். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைத் தமிழ் முஸ்லிம்கள் இசையோடு வாசித்துக் கேட்டனர்.

இவ்வழக்கங்களில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு நூல் பல நாளாக வாசிக்கப்படும்போது, ஊரவர் யாவரும் அந்நூலின் நடுவிலே இருக்கின்றனர். எழுத்தறியாத மூதாட்டிக்கும் நேற்று எது நடந்தது என்பது தெரியும். நாளைக்கு வரவேண்டியது எது என்பதும் தெரியும். கோயிலிலிருந்து வீடு திரும்பும்போது, பயன் சொன்னவர் கூறிய விளக்கம் பொருந்துமா பொருந்தாதா என்று வழிநெடுகப் பேசிக்கொள்வர். அப்பேச்சும் வாசிப்பின் ஒரு பகுதியே. தனித்திருந்து வாசிப்பவன் தனக்கு விளங்காத இடத்தைத் தாண்டிச் சென்றுவிடலாம். பலர் கூடிக் கேட்கும் இடத்திலே யாராவது ஒருவர் அவ்விடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டுவிடுவார்.

இக்கருத்தை நம் இலக்கண ஆசிரியரும் அறிந்திருந்தனர். கி.பி. 13 ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த பவணந்தி முனிவர் தமது நன்னூலின் பாயிரத்திலே மாணாக்கனுக்கு அறிவு நிரம்பும் முறையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை நன்றாக மனங்கொண்டாலும், புலமையின் காற்பங்குதான் ஒருவனுக்குக் கிட்டும். உடன்கற்போரோடு பழகிப் பயின்றால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கும், தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே வந்து சேரும். கணக்கை நோக்குங்கள். தான் தனியே பெற்றது கால். பிறரோடு கலந்து பெற்றது முக்கால். நூலை மூடிவைத்துவிட்டு, "இதிலே இன்னது சொல்லப்பட்டிருக்கிறது" என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லத் தொடங்கும்போதுதான், நமக்கு எது விளங்கியது, எது விளங்கவில்லை என்பது நமக்கே தெரிகிறது. கற்றதைப் பிறர் உணர விரித்துரைக்க மாட்டாதவரைக் கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத பூவுக்கு வள்ளுவர் ஒப்பிட்டதும் இவ்வுண்மை பற்றியே.

இனி, ஒரு வினா செய்த பெருஞ்செயலைக் கூறுவேன். 1880 ஆம் ஆண்டிலே உத்தமதானபுரம் வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியிலே தமிழாசிரியராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டு பாடங்கேட்டவர். அவ்வாண்டிலே சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் முனிசீபாகக் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்தார். அவர் தமிழறிவுடையவர், சென்று காணுக என்று திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் சொல்லியனுப்ப, 1880 ஒக்டோபர் 21 ஆம் நாள், வியாழக்கிழமை, ஐயர் முதலியாரைக் காணச் சென்றார்.

முதலியார் அவரிடம் கேட்டது, என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்பதே. மகாவித்துவானின் மாணாக்கருக்கு இவ்வினாவில் அச்சமில்லை. அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், தலபுராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியாரின் முகத்திலே வியப்பு உண்டாகவில்லை. இவற்றையெல்லாம் படித்ததனால் என்ன பயன் என்னும் கருத்துப்படப் பேசினார். கம்பராமாயணம் போன்றவற்றைக் கூறியபோதும் அவர் நிறைவு கொள்ளவில்லை. பின்னர், சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று வினாவினார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடஞ் சொன்னதில்லை. அந்நூல்கள் கையிற் கிடைக்கவும் இல்லை.

இவ்வளவோடு அச்சந்திப்பு முடிந்திருக்குமாயின், ஒரு கற்றவர் மற்றொரு கற்றவரை மட்டந்தட்டிய கதையாகவே அது நின்றிருக்கும். நிகழ்ந்தது வேறு. நூல் கிடைத்தாற் படித்துப் பாடஞ் சொல்லும் துணிவு தமக்குண்டு என்று ஐயர் கூறினார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை அவருக்கு அளித்தார். பின்னர், தாமே மாணாக்கராக அமர்ந்து, ஐயரோடு சேர்ந்து அந்நூலைப் பாடங் கேட்கவும் தொடங்கினார். வினாவியவர் நூலையும் தந்தார். நூலைத் தந்தவர் உடனிருந்து வாசித்தார். இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தமையாலேயே அவ்வினா பயன்பட்டது.

சிந்தாமணி திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் செய்த காப்பியம். மூவாயிரத்திற்கு மேற்பட்ட செய்யுள் கொண்டது. அதன் முதற்பகுதியாகிய நாமகளிலம்பகத்தைப் பவர் பாதிரியார் 1868 இல் அச்சிட்டிருந்தார். முழுநூல் அச்சில் இல்லை. சைவ நூல்களிலே தோய்ந்த ஐயருக்குச் சமண மதக் கருத்துக்கள் பல விளங்கவில்லை. ஆகவே கும்பகோணத்திலே வாழ்ந்த சமணர் இல்லத்தைத் தேடிச் சென்றார். அங்கே வீட்டு வாசலில் தோரணங் கட்டி அலங்கரித்திருக்கக் கண்டார். விசாரித்தபோது, தாங்கள் பல மாதமாகச் சிந்தாமணியை வாசித்துக் கேட்டு வந்ததாகவும், அது அன்று நிறைவெய்தியதைக் கொண்டாடுவதாகவும் அவர்கள் கூறினர். தமிழ்ப் புலவர் பலரும் பெயரளவில் மட்டும் அறிந்திருந்த அந்நூல், அங்கே சில வீடுகளுக்குள் உயிரோடு இருந்தது. தாங்கள் வாசிப்பதை அவர்கள் மறைக்கவில்லை. கேட்பார் இல்லாமையாற் பிறருக்குச் சொல்லாது இருந்தனர். ஐயர் கேட்டார், அவர்கள் மனமுவந்து சொன்னார்கள்.

சிந்தாமணி 1887 இல் ஐயரின் பதிப்பாக வெளிவந்தது. அதன்பின் பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும், மணிமேகலை 1898 இலும் வெளிவந்தன. அன்று முதலியார் வினாவிய மூன்று காப்பியங்களும் 18 ஆண்டுகளுக்குள் தமிழர் கையிற் கிடைத்தன. இச்சந்திப்பை ஐயரே "என் சரித்திரம்" என்னும் தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். அது 1940 முதல் ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்து, 1950 இல் நூலுருப் பெற்றது.

ஒரு நூலைப் பற்றிப் பேசாதிருந்தால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் எண்ணலாம். ஏட்டுச்சுவடியின் இயல்பை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணார். பனையோலை நிலைத்து நிற்கும் பொருளன்று. செல்லரிக்கும், இராமபாணம் என்னும் பூச்சி துளைக்கும், காலப்போக்கில் ஒடியும். ஆதலால், ஏடு பழுதாகுமுன் புதிய ஓலையிற் பிரதி செய்தாக வேண்டும். பிரதி செய்வது மிகுந்த உழைப்பை வேண்டும் வேலை. வாசிப்பார் உள்ள நூலையே மனிதர் பிரதி செய்வர். வாசிப்பார் ஒழிந்தால் பேச்சு ஒழியும். பேச்சு ஒழிந்தாற் பிரதி ஒழியும். கடைசி ஏடு மடியும்போது நூலும் மடியும். தமிழிலே பெயர் மட்டும் எஞ்சி, நூல் மறைந்தன பல. அவற்றிற் பெரும்பாலானவற்றைப் பகைவர் எவரும் அழிக்கவில்லை. வினாவுவார் இன்மையால் அவை அழிந்தன.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலே பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஐயர் அங்கே சென்றார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்குள்ளோர் கூறினர். ஆகம விதிப்படி செய்ததாகவே அவர்கள் எண்ணினர். அவ்வேடுகளில் என்ன நூல் இருந்தது என்பதை அறிந்து சொல்வார் அவ்வூரில் ஒருவரேனும் இருந்திருப்பின், அவை தீயிற் செல்லா.

நம் நாட்டவராகிய சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையும் இத்துன்பத்தை நேரிற் கண்டவர். 1832 இல் பிறந்து 1901 இல் மறைந்த அப்பெருமகன் வீரசோழியம், இறையனார் அகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, சூளாமணி முதலியவற்றை அச்சேற்றினார். ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்வதையும், கட்டை அவிழ்த்தால் இதழ் ஒடிவதையும், புரட்டினால் துண்டு துண்டாவதையும் தம் பதிப்புரையிலே அவர் உருக்கத்தோடு எழுதினார். ஏடு வைத்திருந்தோர் பலர் அதனைப் பிறர் கண்ணிற் காட்டவும் மறுத்த காலம் அது. மறைத்து வைப்பது காப்பாற்றுவதாகும் என்று அவர்கள் நம்பினர். மறைத்த ஏடுகள் செல்லுக்கு இரையாயின; பிள்ளையவர்கள் கையிற் சேர்ந்தவை இன்றும் வாசிக்கப்படுகின்றன.

இங்கே உரையாசிரியர்களையும் நினைவுகூர்தல் வேண்டும். சிந்தாமணிக்கு உரை செய்த நச்சினார்க்கினியர் தாம் வாசித்த பல நூல்களிலிருந்து மேற்கோள் காட்டிச் செல்கிறார். தாம் வாசிப்பதைப் பின்வருவோருடன் பகிர்ந்துகொண்டவர் அவர் என்று சொல்லலாம். ஆயினும் பல இடங்களிலே மேற்கோள் எந்நூலினது என்று அவர் குறிக்கவில்லை. அவர் காலத்து மாணாக்கருக்கு அது தெரிந்திருக்கும். பல நூற்றாண்டு கழித்து வந்த சாமிநாதையருக்குத் தெரியவில்லை. அடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அது எந்நூலின் அடி என்று மடந்தோறும் வீடுதோறும் அவர் தேட நேர்ந்தது. அத்தேடலே அவரைச் சங்க நூல்களிடம் அழைத்துச் சென்றது என்பது உண்மை. எனினும், நூலின் பெயரைச் சொல்லாமல் விடுவது பின்வருவோர்க்கு எத்துணை வருத்தம் தரும் என்பதும் இதனால் விளங்கும்.

அச்சுக்காலத்திலே இவ்விடர் நீங்கிவிட்டதா? முற்றாக நீங்கவில்லை. நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழி சீ.இரா. அரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளிலே இரண்டு நம் பொருளுக்கு நெருங்கியன. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் என்பது ஒன்று; ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்பது மற்றொன்று. தட்டிலே அடுக்கி வைத்தமட்டில் நூல் தன் வாசகனைச் சென்றடைவதில்லை. இடையிலே ஒருவர் நின்று, "உமக்கு ஏற்ற நூல் ஒன்று இருக்கிறது" என்று சொல்லவேண்டும். அவ்வேலையை நூலகர் செய்வர். ஒவ்வொரு வாசகரும் செய்யலாம்.

அரங்கநாதன் அவர்களின் ஆலோசனையையும் பெற்று எழுந்ததே யாழ்ப்பாணப் பொது நூலகம். 1933 இல் க.மு. செல்லப்பா என்பவர் தம் இல்லத்திலே சில நூல்களை வைத்துப் பிறருக்கு வாசிக்கக் கொடுத்த சிறு முயற்சியே அதன் வித்து. தாம் வைத்திருப்பதைப் பிறரும் வாசிக்கவேண்டும் என்ற எண்ணமே பிற்காலத்தில் அப்பெருங் கட்டடமாக வளர்ந்து 1959 இல் திறக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டு மே 31 க்கும் ஜூன் 1 க்கும் இடைப்பட்ட இரவிலே அது எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பராயின. அவற்றுள், வேறிடங்களிலே பிரதி இருந்தவற்றை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. வேறு பிரதி இல்லாதவை போயினவே. ஒரு நூலைப் பலர் அறிந்து, பலர் வாங்கி, பலர் வைத்திருத்தலே அதற்குச் சிறந்த காவல் என்பதை அவ்விரவு நமக்குக் கற்பித்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களைப் படியெடுத்து எல்லோர்க்கும் திறந்து வைத்திருப்பதும் இப்பாடத்தைக் கற்றதனாலேயே எனலாம்.

இனி, வாசிக்கும் நூலைப் பிறருக்குச் சொல்லும் முறையைச் சுருக்கமாகக் கூறுவேன்.

நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் முதலிற் சொல்லுக. பழைய நூலாயின் யார் பதிப்பு, யார் உரை என்பதையும் சேர்த்துச் சொல்லுக. "ஏதோ ஒரு புத்தகம், நீலநிற அட்டை" என்று சொன்னாற் கேட்டவர் அதனைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

வாசித்து முடிக்கும்வரை காத்திருத்தல் வேண்டாம். வாசித்து முடித்தவர் தீர்ப்புக் கூறுவார். வாசித்துக்கொண்டிருப்பவர் கேள்வி கேட்பார். "நாற்பது பக்கம் வந்துவிட்டேன், இன்னும் பிடி கிடைக்கவில்லை" என்று சொல்வது குற்றமன்று. அதனைக் கேட்பவர் முன்னரே வாசித்தவராயின், வழி காட்டுவார். வாசியாதவராயின், சேர்ந்து வாசிப்போம் என்பார்.

நூல் முழுவதையும் ஒப்புவிக்க முயலாதிருத்தல் நன்று. நம் மனத்தைத் தொட்ட ஓர் இடத்தைச் சொன்னாற் போதும். முடியுமாயின் அவ்விடத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டலாம். கதையாயின் முடிவைச் சொல்லிவிடாமை கேட்பவருக்குச் செய்யும் நன்றி.

கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. ஒருவர் துப்பறியும் கதை வாசிக்கிறேன் என்றாலும், சோதிட நூல் வாசிக்கிறேன் என்றாலும், இகழ்ந்து பேசுதல் ஆகாது. இகழப்பட்டவர் அடுத்த முறை வாய் திறவார். முதலியார் அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பொருட்படுத்தாது பேசியபோது ஐயர் மனம் புண்பட்டது உண்மையே. அப்புண்ணை ஆற்றியது முதலியார் கொடுத்த பிரதி. கையிலே கொடுக்க நூலும், உடனிருக்கப் பொறுமையும் இல்லாதவர் பிறர் வாசிப்பைக் குறைகூறாதிருப்பதே தக்கது.

கடைசியாக, சொன்ன நூலை இரவல் கொடுக்கும் மனமும் வேண்டும். இரவல் கொடுத்த புத்தகம் திரும்பாது என்னும் முறைப்பாடு நியாயமானதே. ஒரு குறிப்புப் புத்தகத்திலே கொண்டு சென்றவர் பெயரையும் நாளையும் எழுதி வைத்தால் அக்குறை பெரிதும் தீரும். வாங்கிச் சென்றவரும், திருப்பிக் கொடுக்கும்போது நூலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுப்பாராயின், உடையவர் அடுத்த நூலையும் மகிழ்ச்சியோடு தருவார்.

இதற்குத் தடையாக நிற்பன இரண்டு. ஒன்று தற்பெருமை. வாசியாத நூலை வாசித்ததாகச் சொல்வதும், பிறர் மலைக்கவேண்டுமென்று பெரிய பெயர்களை அடுக்குவதும் இதன்பாற்படும். இரண்டு கேள்வி கேட்டால் இது வெளிப்பட்டுவிடும். மற்றொன்று நாணம். தாம் வாசிப்பது அற்பமானது, அதைச் சொன்னால் நகைப்பர் என்னும் அச்சம். இது தற்பெருமையிலும் கேடானது. ஏனெனில் தற்பெருமைக்காரர் வாயிலாகவேனும் ஒரு நூலின் பெயர் வெளிவரும். நாணுபவரிடம் நல்ல நூலும் அடங்கிவிடும். இவற்றின் வேறாக, தனித்திருந்து வாசித்துத் தமக்குள்ளே வைத்துக்கொள்ள விரும்புவோரும் உளர். துயரத்திலும் நோயிலும் ஒருவர் துணையாகக் கொண்ட நூலைப் பற்றி அவர் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தலாகாது. அவர் விரும்பும் நாளிற் பேசட்டும்.

நம் ஊர்களிலே வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் உள. அங்கே கிழமைக்கு ஒருமுறை நாலுபேர் கூடி, தத்தம் கையிலுள்ள நூலைப் பற்றி ஐந்து ஐந்து நிமிடம் பேசினாலே போதும். இதற்குப் பணமும் வேண்டா, மேடையும் வேண்டா. தொலைதூரம் பிரிந்து வாழும் உறவினர், தொலைபேசியிற் பேசும்போது சுகம் விசாரித்தபின் இவ்வொரு வினாவையும் சேர்த்துக் கேட்கலாம். வீட்டிலே பிள்ளைகளிடம் எத்தனை புள்ளி எடுத்தாய் என்று கேட்கும் பெற்றார், என்ன வாசிக்கிறாய் என்றும் கேட்கலாம். கேட்டுவிட்டுப் பிள்ளை சொல்வதை முழுவதும் கேட்கலாம். அதன்பின், "அப்பா, நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள்?" என்று பிள்ளை திருப்பிக் கேட்கும். அதற்கு விடை சொல்லக்கூடிய நிலையிலே நாம் இருத்தல் வேண்டும்.